பட்டை சீவாத பலகை

உ
மல்லாவி,
12.2.1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை அருந்ததி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் விட்டுவிட்டதா? வெள்ளவத்தைக் கடற்காற்றில் சட்டை போடாமல் நிற்காதீர்கள் என்றால் கேட்பதில்லை. அண்ணியாவது இரண்டு அதட்டு அதட்டட்டும். இங்கே நானும் உங்கள் மச்சானும் மாமியும் சுகம்.

இந்தக் கடிதம் முழுவதும் என் குசினி அலுமாரியைப் பற்றியது. சிரிக்காமல் வாசியுங்கள். சீதனத்தோடு உரும்பிராயிலிருந்து லொறியில் வந்த நீல அலுமாரியைக் கறையான் தின்றுவிட்டது. கப்பலில் சாமான் வந்த பக்கீசுப் பெட்டிப் பலகைக்கு நீலப் பூச்சு அடித்து, தேக்கு என்று சொல்லி அப்பாவின் தலையில் கட்டியிருக்கிறார்கள். போன கிழமை மேற்கதவைத் திறந்தேன், கதவு என் கையோடு வந்துவிட்டது. உள்ளே மரமே இல்லை, பூச்சுத்தான் இவ்வளவு காலமும் கதவாக நின்றிருக்கிறது!

நான் அழ, உங்கள் மச்சான் சிரித்தார். வவுனியாவுக்குப் போனபோது வன இலாகா விடுதி ஒன்றின் குசினியை எட்டிப் பார்த்தாராம். அங்கே அலுமாரிக்குப் பூச்சே கிடையாதாம். காட்டில் நின்ற மரம் போலவே, விளிம்பில் பட்டையோடு கதவும் தட்டும் இருந்தனவாம். "மரத்துக்கு ஏனப்பா சட்டை? அது அதின்ரை வடிவிலை நிக்கட்டும்" என்கிறார். சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதவு, தட்டு, மேற்பலகை எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்யப் போகிறார். அறுவடை முடிந்ததும் கை ஊறுகிறது அவருக்கு.

மரம் எங்கள் காணிக்குள்ளேயே கிடக்கிறது. காடு துப்புரவாக்கியபோது புல்டோசர் தள்ளிவிட்டதெல்லாம் எல்லையோரம் குவியலாகக் கிடந்து கறையான் அரித்து மண்ணாகிவிட்டது. சாம்பல் நிறப் பட்டையோடு ஒரே ஒரு மரம் மட்டும் போட்டது போட்டபடி கிடக்கிறது. இலையும் இல்லை, காயும் இல்லை, என்ன மரம் என்று இங்கே எவருக்கும் தெரியவில்லை. மாமியின் தம்பி ஏரம்பு மாமா வந்து கோடரிப் பிடியால் தட்டிப் பார்த்துவிட்டு, "கறையான் தொடாத மரம் எண்டால் பிறகென்ன யோசினை? அறுத்துப் போடு தம்பி" என்றார். அவர் சொன்னால் அது சட்டம்.

மாமிக்கு ஒரே நிபந்தனைதான். மாமி சுத்த சைவம் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் மீன் இல்லாமல் சோறு தின்னாதவர்கள். மாமியின் சட்டி, உப்பு, பனங்கிழங்கு இடித்த ஒடியல் மா எல்லாம் உச்சித் தட்டில் தனியாக இருக்கவேண்டும், எங்கள் மச்சச் சட்டி அதற்கு மேலே வரக்கூடாது. "என்ரை தட்டுக்கு மேலை மேற்பலகை மட்டும்தான் இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டா.

கண்டி வீதியால் வருகிறவர்கள் யாராவது இருந்தால் மரம் அறுக்கிற நல்ல வாள் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அருந்ததி


வெள்ளவத்தை,
2.3.1961

அன்புத் தங்கச்சி அருந்ததிக்கு,

இருமலோடும் இரண்டு அதட்டோடும் அண்ணன் தில்லைநாதன் எழுதுகிறேன். அண்ணி சுகம். உன் கடிதத்தை அவள் எனக்கு முன்னமே உடைத்து வாசித்துவிட்டு, "எனக்கும் அப்பிடி ஒரு அலுமாரி வேணும்" என்று தொடங்கிவிட்டாள். வாடகை வீட்டில் எனக்கு இது தேவையா?

பூச்சை நம்பி ஏமாறுவதற்கு நீ உரும்பிராய்த் தச்சனிடம் போகவேண்டியதில்லை, நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தாலே போதும். மச்சான் தன் கையால் செய்கிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம். வாள் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் பெயர் தெரியாத மரத்தைக் குசினிக்குள் கொண்டுவருவது எனக்குப் பிடிக்கவில்லை. வன்னியிலே பிறந்து வளர்ந்த ஆட்கள் அங்கே இல்லையா? நீங்கள் எல்லாரும் நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் போய் இறங்கியவர்கள். ஏரம்பு மாமா புகையிலையைத் தொட்டுத் தரம் சொல்லுவார், காட்டு மரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? யாரிடமாவது கேட்டுப் பார்.

மாமி உன்னோடு எப்படி? அதை எழுதாமல் அலுமாரியை மட்டும் எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
அண்ணா


உ
மல்லாவி,
20.4.1961

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வருடப்பிறப்பு வாழ்த்து. உங்கள் கைவிசேடக் காசு கிடைத்தது. வாளும் கிடைத்தது, ஆனால் வேலை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

அண்ணி, பொறாமைப்படாமல் வாசியுங்கள். கதவுகள் சந்தனம் அரைத்துப் பூசிய மாதிரி வெளிர் மஞ்சள். விளிம்பு நேராக இல்லை, மரம் எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்து, ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டையோடு நிற்கிறது. கைபிடிக்கு இரும்பு இல்லை, கவட்டுத் தடி. பூச்சுக்குப் பதிலாகத் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும். வாள் பட்ட முதற் பலகை, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் முழுப் பட்டையாகவும் வந்தது. எறிய மனமில்லாமல் அதையே மேற்பலகையாக்கினார். தட்டைப் பக்கம் மேலே, அதில் சுளகும் பெட்டியும் வைக்கலாம். பட்டைப் பக்கம் கீழே, மாமியின் தட்டுக்குக் கூரை மாதிரி. மாமி குனிந்து பார்த்துவிட்டு, "மரத்துக்குக் கீழை இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றா. மாமி ஒன்றைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

எங்கள் குடியேற்றத்துச் சனம் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நான் அவரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கண்டதில்லை அண்ணா.

மரத்தின் பெயரைக் கேட்கச் சொன்னீர்கள். கைருன்னிஸா அக்காவைக் கேட்டிருக்கலாம். மல்லாவிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற ஹலீமின் மனைவி, இந்தக் காட்டோடு பிறந்து வளர்ந்தவர். ஆனால் மாமி அவரைக் குசினிக்குள் விடமாட்டா. வாசலோடு கதை, வாசலோடு வெற்றிலை. அதனால் அவர் அலுமாரியைக் காணவில்லை, எனக்கும் கேட்க மறந்துவிட்டது.

மாமிக்குச் சாப்பிட்ட கையோடு கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதாம். வாதம் என்று எண்ணெய் பூசுகிறா. வேறு விசேடம் இல்லை.

இப்படிக்கு,
அருந்ததி


உ
மல்லாவி,
18.6.1961

அண்ணாவுக்கு,

நலம். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடாததற்குக் கோபிக்கவேண்டாம், வயலில் வேலை கூட.

மாமிக்குக் கொஞ்சம் சுகமில்லை. நான் இப்போது சமைப்பதில்லை. ஓய்வாக இருக்கிறேன். ஆவணிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், வரவேண்டாம். இந்த வெயிலில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அருந்ததி


வெள்ளவத்தை,
10.7.1961

அன்புள்ள மச்சான் யோகநாதனுக்கு,

உங்கள் சுகத்தையும் தாயாரின் சுகத்தையும் விசாரித்துக்கொண்டு தில்லைநாதன் எழுதுவது.

மல்லாவிச் சங்கக்கடையில் வேலை செய்யும் எங்கள் ஊர்ச் சின்னராசாவை நேற்று றெயிலில் கண்டேன். என்னைக் கண்டதும் அடுத்த பெட்டிக்குப் போகப் பார்த்தான். பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் சுற்றிச் சுற்றிப் பேசினான், பிறகு சொன்னான்.

உங்கள் தாயாருக்குச் சாப்பாட்டோடு தாடை கட்டுகிறது, உடம்பு வில்லாக வளைகிறது என்று சாத்திரம் கேட்கப் போனீர்களாம். 'வீட்டுக்குள் இருக்கிற பெண் கை மருந்து' என்று சாத்திரக்காரன் சொன்னானாம். காணி தாயாரின் பெயரில் இருக்கிறது, அவர் கண்ணை மூடினால் உங்களுக்கு வரும் என்பதால், என் தங்கை சோற்றுக்குள் மருந்து போட்டுவிட்டாள் என்று ஊர் பேசுகிறதாம். அவளைக் குசினிக்குள் விடுவதில்லையாம். கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்களாம்.

மச்சான், இவையெல்லாம் உண்மையா? அவள் எனக்கு எழுதியது 'ஓய்வாக இருக்கிறேன்' என்று. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஊர் சொல்வது கிடக்கட்டும், நீங்கள் என்ன சொன்னீர்கள்? நீங்கள் பேசியதாகச் சின்னராசா ஒரு சொல்லும் சொல்லவில்லை.

உடனே பதில் எழுதவும்.

தில்லைநாதன்


உ
மல்லாவி,
24.7.1961

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

யோகநாதன் வணக்கம். உங்கள் அனைவரின் சுகத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன். இங்கு சிறுபோகம் நன்றாக இருக்கிறது. குளத்தில் தண்ணீர் போதும்.

வீடுகளில் இப்படிச் சில கதைகள் வருவது வழமை. அம்மாவின் வருத்தம் அப்படி. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா இழுப்பு என்று மருந்து தந்தார், நிற்கவில்லை. அம்மா தானே சமைத்துச் சாப்பிட்டும் வருகிறது. உள்ளே போன மருந்து லேசில் விடாது என்று மாமா சொல்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை.

எல்லாருக்கும் மனம் ஆறுவதற்கு மாமா ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஆடிக் கடைசி வெள்ளி குளக்கட்டு அம்மன் கோயிலில், ஊரவர் முன்னிலையில், அருந்ததி கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது. 'என் கையால் மாமிக்கு ஆகாத எதையும் கொடுக்கவில்லை' என்று சொன்னால் போதும். அத்தோடு கதை முடிந்துவிடும். அருந்ததியும் சம்மதித்துவிட்டாள்.

நீங்கள் வீணாக அலையவேண்டாம்.

பணிவுடன்,
சி. யோகநாதன்


உ
மல்லாவி,
3.8.1961

அன்புள்ள அண்ணா,

சுகம் கேட்டு எழுத இன்று எனக்கு மனம் இல்லை, மன்னியுங்கள். அண்ணிக்கும் இதைக் காட்டவேண்டாம்.

சின்னராசா சொன்னதெல்லாம் உண்மை. உங்களுக்கு மறைத்தேன். நீங்கள் வந்து சண்டை பிடித்தால் திரும்ப இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று பயந்தேன். சத்தியம் செய் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லையே, கை சுட்டால் சுடட்டும், என் பெயர் திரும்பி வந்தால் போதும் என்று சம்மதித்தேன்.

ஆனால் போன திங்கட்கிழமை ஒன்று நடந்தது. மாமி தானே பிட்டு அவித்துச் சாப்பிட்டா. நான் குசினிக்குள் கால் வைத்தே ஒரு மாதத்துக்கு மேல். அன்றைக்கும் இழுப்பு வந்தது. பல்லைக் கடித்தபடி கிடந்த மாமியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோசனை ஓடியது. நான் தொடாத சாப்பாட்டிலும் வருகிறது, மாமியின் தட்டுச் சாமான் மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

எல்லாரும் முற்றத்தில் இருந்த நேரம் அலுமாரியைத் திறந்தேன். மேற்பலகையின் பட்டை அடுப்புச் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. அதிலிருந்து சாம்பல் மாதிரித் தூள் உதிர்ந்து மாமியின் மாச்சட்டி, உப்புச்சட்டி எல்லாவற்றிலும் கிடந்தது. ஒரு துளி நாக்கில் வைத்தேன். அண்ணா, வாயைப் பல தரம் கொப்பளித்தும் பொழுதுபடும்வரை அந்தக் கசப்புப் போகவில்லை. மாமிக்குத் தெரியாமல் போனது ஏன் என்று விளங்கியது. ஒடியல் மா தானாகவே கசக்கும், கசந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பட்டையில் ஒரு துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கைருன்னிஸா அக்காவிடம் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார், முகர்ந்தார். "புள்ள, இது காஞ்சிரையெல்லோ? இதின்ரை கொட்டையைத்தான் விசர்நாய்க்கு வைக்கிறவங்க. இதை ஏன் கையில வச்சிருக்கிறீங்க?" என்றார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எட்டி மரம்தான். நஞ்சு மரத்தைக் கறையான் எப்படித் தின்னும்? ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வந்த வேகத்தில் மாமியின் மாவையும் உப்பையும் கொண்டுபோய் வேலியோரம் கொட்டிப் புதைத்தேன். பட்டைக்குக் கீழே ஒரு சாக்கையும் கட்டிவிட்டேன். புதைத்ததை ஏரம்பு மாமா கண்டுவிட்டார். "மருந்தை மறைக்கிறாள் பாருங்கோ!" என்று அவர் கத்தியது கடைத்தெருவரை கேட்டிருக்கும்.

உங்கள் மச்சானிடம் தனியாகச் சொன்னேன். நம்பவில்லை. பட்டைத் துண்டைத் தானே நக்கிப் பார்த்தார். முற்றத்துக்குப் போய்த் திரும்பத் திரும்பத் துப்பிவிட்டு வந்தார். கடைசியில், "காணி அம்மாவின்ரை பேரிலை. போன வரியம்தான் தனக்குப் பிறகு எனக்கெண்டு எழுதினவ. மகனே நஞ்சு மரத்திலை தட்டுச் செய்து குடுத்தவன் எண்டால் சனம் என்ன சொல்லும்? நீ சத்தியத்தைச் செய். பலகையை நான் மெல்லக் கழட்டிவிடுறன்" என்றார்.

அண்ணா, முந்தி என்றால் நான் துணிந்து சத்தியம் செய்திருப்பேன். இப்போது எப்படிச் செய்வது? 'என் கையால் ஆகாத எதையும் கொடுக்கவில்லை' என்று சொல்லவேண்டும். அந்த மாவைக் குழைத்துப் பிட்டாக்கி மாமியின் முன்னால் வைத்தது இந்தக் கைதான். அம்மன் முன்னால் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் அவர் தலை குனியவேண்டும். சொல்லாவிட்டால் நான் சாகும்வரை மருந்து போட்டவள்.

முடிந்தால் வெள்ளிக்கு முன் வாருங்கள்.

அருந்ததி


உ
மல்லாவி,
14.9.1961

அன்புள்ள அருந்ததிக்கு,

யோகநாதன் எழுதுவது. நீயும் அண்ணாவும் அண்ணியும் வெள்ளவத்தையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். அம்மாவுக்கு இப்போது இழுப்பு வருவதில்லை. அம்மன் இரங்கிவிட்டா என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சிறுபோகம் வெட்டியாகிவிட்டது. நெல்லில் பதர் குறைவு. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. உன் கையில் பட்ட காயம் ஆறிவிட்டதா? தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போடு. பெரும்போகத்துக்கு உழவு தொடங்குமுன் வந்துவிட்டால் நல்லது. ஆட்கள் உன்னைக் கேட்கிறார்கள்.

அன்புடன்,
யோகநாதன்


வெள்ளவத்தை,
25.9.1961

யோகநாதன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். மாமிக்குச் சுகம் வந்தது சந்தோஷம். மாட்டுக்கன்று பற்றியும் அறிந்தேன்.

கை ஆறிவிட்டது. மற்றதை நீங்கள் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். அன்றைக்குக் கோயிலில் ஏரம்பு மாமா சொல்லித் தந்த சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. கற்பூரத்தின் மேல் கையை வைத்து, "நான் அறிஞ்சு ஒண்டும் குடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன். மாமா விடவில்லை. "அதென்ன 'அறிஞ்சு'? அப்ப குடுத்தது உண்மைதானே?" என்று கேட்டார். சனம் முணுமுணுத்தது. என் உள்ளங்கை பற்றிக்கொண்டிருந்தது. நீங்கள் எனக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, உங்கள் குரலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு சொல் போதும். 'பலகை' என்று சொல்லியிருந்தாலே போதும்.

அண்ணா பஸ்ஸால் இறங்கி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது.

மரம் தெரியாமல் செய்தது பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அது தெரிந்திராது, எனக்கும் தெரியாது. அந்த அலுமாரியை நீங்கள் செய்த நாட்களில் உங்களை எவ்வளவு பிடித்தது என்று உங்களுக்குச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அதனால்தான் நீங்கள் வாய் மூடி நின்றது எனக்கு இவ்வளவு நோகிறது. ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னவென்று கேட்கிறார்கள்? மருந்து போட்டவள் எங்கே என்றா?

நான் இப்போது வரமாட்டேன்.

அருந்ததி


உ
மல்லாவி,
20.10.1961

மருமகள் அருந்ததிக்கு,

மாமி இரஞ்சிதம் என் கையால் எழுதுவது. எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வேறு எவரையும் கொண்டு எழுதுவிக்கக் கூடிய கதை இல்லை இது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு எப்படி?

என் வருத்தம் ஆடியோடு நின்றுவிட்டது. அம்மன் நிற்பாட்டினா என்று ஏரம்பு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ போன அடுத்த கிழமை என் பிள்ளை அலுமாரியின் மேற்பலகை, கதவு, தட்டு எல்லாவற்றையும் கழற்றி வயலில் போட்டு எரித்தான். ஏனடா என்று கேட்டேன். கறையான் பிடித்துவிட்டது என்றான்.

எனக்கு வயது போனாலும் மூளை போகவில்லை. கறையான் தொடாத மரம் என்று குடியேற்றத்தையே கூட்டிவந்து காட்டினவன் அவன். அன்றிரவு படுக்கவில்லை நான். அடுப்படியில் ஒரு சிராய் விழுந்து கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு கைருன்னிஸாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்து வாசலில் நின்றாள். "உள்ளுக்கு வா பிள்ளை" என்று குசினிக்குள் கூட்டிப்போய் இருத்திக் காட்டினேன். அவள் சிராயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இதை உங்கட மருமகளும் கொண்டுவந்து காட்டினவங்க. ஆடி மாசம். ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு என்னைக் கும்பிட்டவங்க" என்றாள்.

நீ தெரிந்துகொண்டே கையைச் சுட்டாய். நான் முன்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ 'அறிஞ்சு' என்று சொன்னபோது குற்றவாளியின் சொல் என்று நினைத்தேன். எனக்கு அதை நினைக்கச் சோறு இறங்குகிறதில்லை. நான் உனக்குச் செய்தது அநியாயம், பிள்ளை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் எனக்கு ஒரே பிள்ளை. காணிக்காகத் தாய்க்கு நஞ்சு வைத்தவன் என்ற பெயர் அவனுக்கு வரவேண்டாம். கைருன்னிஸா வாய் திறக்கமாட்டாள், இது நான், நீ, அவன் மூன்று பேரோடு நிற்கட்டும். நான் அறிந்ததை அவனுக்கும் சொல்லவில்லை. நீ வா. நான் இனி உன் கையால்தான் சாப்பிடுவேன். அதைக் கண்டால் ஊர் தானாகவே வாயை மூடும்.

மாமி


வெள்ளவத்தை,
2.11.1961

அன்புள்ள மாமிக்கு,

அருந்ததி வணக்கம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சத்தம் போட்டு அழுதேன். அண்ணி பயந்துபோனா. நீங்கள் கைருன்னிஸா அக்காவை உள்ளே கூப்பிட்டீர்கள் என்ற இடத்தில்தான் அழுகை வந்தது. உங்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. குளிர் தொடங்கிவிட்டது, காலையில் முழுகாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்டதை என்னால் தர முடியாது, மாமி. உங்கள் மகனுடைய பெயரைக் காப்பாற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்கிறீர்கள். என்னுடைய பெயரை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? நான் வந்து நீங்கள் என் கையால் சாப்பிட்டால், சத்தியத்துக்குப் பயந்து திருந்திவிட்டாள் என்றுதான் ஊர் சொல்லும். செய்யாத ஒன்றுக்குத் திருந்தினவளாக நான் அங்கே வாழமாட்டேன்.

அவர் நஞ்சு வைக்கவில்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊருக்கும் தெரியவேண்டும் என்றால் அவர்தான் சொல்லவேண்டும். அன்று நின்ற அதே இடத்தில், அன்று நின்ற அதே ஆட்களுக்கு முன்னால். நீங்கள் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

உங்கள் மருமகள்,
அருந்ததி


உ
மல்லாவி,
25.11.1961

அருந்ததிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்கினால் மறுபடி மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதி முடித்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் நேரே எழுதுகிறேன்.

அம்மா உன் கடிதத்தை என்னிடம் தந்தா. வாசித்து முடிக்கும்வரை என் முன்னாலேயே இருந்தா.

கார்த்திகை விளக்கீட்டு அன்று கோயிலில் குடியேற்றம் முழுவதும் கூடியிருந்தது. பூசை முடிந்ததும் எல்லாரையும் நிற்கச் சொன்னேன். அலுமாரி, மரம், பட்டை, மா எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாவுக்கு வருத்தம் வந்தது என்ரை கையாலை. அருந்ததி அதைக் கண்டுபிடிச்சு மாவைக் கொட்டித்தான் அம்மாவைக் காப்பாத்தினவ" என்றேன். மாமா நடுவிலேயே எழுந்து போய்விட்டார். ஒருவன் காணியைப் பற்றி ஏதோ சொன்னான். நான் பயந்தது நடந்தது, ஆனால் நான் பயந்த அளவு இல்லை. அம்மா எழுந்து நின்று, "என்ரை பிள்ளை மரம் தெரியாத மடையன், நஞ்சு வைக்கிறவன் இல்லை" என்றா. சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான்.

கிணற்றடியில் உன்னைக் கண்டு விலகின பெண்களில் ஒருத்தி கேட்டாள். "சத்தியம் செய்யேக்கை நீர் பின்னாலை நிண்டீரே, அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?" என்று. "என்ரை பேருக்குப் பயந்து" என்று அதற்கும் பதில் சொன்னேன். நீ என் முகம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். உன் கை கற்பூரத்தில் பட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். நான் அம்மனைக் கும்பிடுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். நான் கும்பிடவில்லை, பார்க்க முடியாமல் மூடினேன். அதையும் அவர்களுக்கு முன்னால் சொன்னேன்.

யோகநாதன்